மலைப் பறப்பும் மோட்டார்ப் பறப்பும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் மலைக்குப் பஞ்சமில்லை. சேலம் நகரத்தில் நின்று நாற்புறமும் திரும்பினால் வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இவற்றுக்கெல்லாம் மூத்தோன்போலச் சேர்வராயன். நாமக்கல்லோ ஊர் நடுவிலேயே ஒரு பாறையை வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் கிழக்கே கொல்லிமலை மதிலைப்போல நீண்டு கிடக்கிறது. இத்துணை மலைகளுக்கிடையே பிறந்து வளர்ந்த ஒருவன் ஆகாயத்தில் எழும்ப விரும்பினால், மலையை விட்டுவிட்டுச் சமதரையில் முதுகில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு ஓடுவானேன்? சென்ற ஆண்டு பழைய மாணவர் கூட்டத்திற்கு யாம் வந்திருந்தபொழுது பௌதிக வகுப்பு மாணவர் சிலர் எம்மை மடக்கிக் கேட்ட கேள்வி இது. சாப்பாட்டு மணி அடித்துவிட்டமையால் விடை பாதியில் நின்றது. தமிழ்ப் பகுதியின் ஆசிரியர் மிச்சத்தை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொண்டார். அவர் சொல்லைத் தட்ட எம்மால் இயலவில்லை.

பாராகிளைடர் என்பது யாதென அறியாதார் பொருட்டு இரண்டொரு வார்த்தை முதலிற் சொல்லவேண்டும். அதில் மரச்சட்டமோ இரும்புக்கம்பியோ இல்லை. மெல்லிய நைலான் துணி இரண்டு படலமாகத் தைக்கப்பட்டு, இடையிடையே அறை அறையாகத் தடுக்கப்பட்டிருக்கும். முன்விளிம்பில் வாய் திறந்திருக்கும். எதிர்க்காற்று அவ்வாய்களின் வழியே புகுந்து அறைகளை நிரப்ப, தரையில் துவண்டு கிடந்த துணி தலைக்குமேல் விறைத்தெழுந்து பறவையின் சிறகு வடிவைக் கொள்ளும். அதிலிருந்து இறங்கும் நூற்கயிறுகளின் கீழே ஒரு கச்சை, கச்சையில் மனிதன். சுருட்டி மூட்டை கட்டினால் ஒரு மாணவன் விடுமுறைக்கு ஊருக்குச் சுமந்து போகும் படுக்கைச் சுருளளவுதான் இருக்கும். காற்று அசையாதிருக்கும்பொழுது இச்சிறகு ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு ஒன்பது மீட்டர் முன்னேறும். விநாடிக்கு ஒரு மீட்டரும் சிறிது மிகுதியுமாக இறங்கிக்கொண்டேயிருக்கும். ஆகவே பறப்பவனுக்கு வேண்டிய மூலதனம் உயரம் ஒன்றே. அந்த உயரத்தை மலை கொடுக்கலாம், மோட்டாரும் கொடுக்கலாம். இரண்டிலும் சிறகு ஏறக்குறைய ஒன்றுதான். வழக்கெல்லாம் உயரத்தை யாரிடம் கடன் வாங்குவது என்பதைப் பற்றியதே.

இவ்வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால் என்பார் 1891 முதல் ஐந்தாண்டுக்காலம் தாமே செய்த சிறகுகளைப் பூண்டு சரிவுகளிலிருந்து ஓடி ஓடிப் பறந்தார். அவர் வசித்த பெர்லின் நகரைச் சூழ்ந்த நாடு எம் நாமக்கல் சமவெளியைக் காட்டிலும் தட்டையானது. மலைக்கு எங்கே போவது? 1894இல் லிக்டர்ஃபெல்டெ என்னுமிடத்தில் பதினைந்து மீட்டர் உயரத்தில் ஒரு செய்குன்றையே எழுப்புவித்தார். அது கூம்பு வடிவினது; காற்று எத்திசையினின்று வீசினும் அத்திசையை நோக்கி ஓடி இறங்கலாம். இயற்கை மலைக்கு முகம் ஒன்றோ இரண்டோதான். காற்று அந்த முகத்திற்கு நேரே வரும்வரை காத்திருக்கவேண்டும். தம் மலையை எல்லாப் பக்கமும் முகமாகச் செய்துகொண்ட அப்பெரியாரின் புத்தியை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு உண்டாகிறது. 1896 ஆகஸ்டு மாதத்தில் ஸ்டோலன் என்னும் ஊரின் குன்றிலிருந்து பறக்கையில் விழுந்து மறுநாள் உயிர் துறந்தார்.

அவருக்குப் பின் வந்த ரைட் சகோதரர்களும் மணற்குன்றுகளிலிருந்தே பறக்கப் பழகினார்கள். மோட்டார் பொருத்திய விமானத்தை முதலில் 1903 டிசம்பர் 14ஆம் தேதி குன்றின் சரிவிலே தண்டவாளம் அமைத்து ஓட்டினார்கள். மூன்றரை விநாடி காற்றில் நின்று மணலில் முட்டிக்கொண்டது. மூன்று நாட்களுக்குப் பின், 17ஆம் தேதி, சமதரையில் எதிர்க்காற்றை நோக்கி ஓட்டி, 12 விநாடியில் 120 அடி சென்றார்கள். உலகம் கொண்டாடுவது இரண்டாவதையே. சரிவின் உதவியால் எழுந்ததை மெய்யான பறப்பென்று அச்சகோதரர்களே மதிக்கவில்லை. நம் மாகாணத்தில், 1910ஆம் ஆண்டிலே, சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த த’ஆஞ்சலிஸ் என்பார் சிம்சன் கம்பெனியில் விமானம் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்தார். பல்லாவரத்திலும் குன்றுகள் உண்டு; ஆயினும் அவர் எழும்பியது தரையிலிருந்துதான்.

அதன்பின் கதை திரும்புகிறது. 1978 ஜூன் மாதத்தில், பிரான்சு தேசத்து ஆல்ப்ஸ் மலைநாட்டில் மியூசி என்னும் சிற்றூரிலே, பாராசூட் பழகிய மூவர், ஒவ்வொரு முறையும் விமானத்தில் ஏறிக் குதிப்பதற்கு ஆகும் செலவு தாளாமல், மலைச்சரிவிலேயே பாராசூட்டை விரித்துக்கொண்டு ஓடிக் கிளம்பினர். இக்காலத்துப் பாராகிளைடிங் பரவியது அதிலிருந்துதான். இயந்திரத்தின் செலவிலிருந்து தப்புவதற்காகவே மலைப் பறப்பு தோன்றிற்று. பிறகு வெகுகாலம் கழியவில்லை. இங்கிலாந்தில் ஒருவர் அதே வகைத் துணிச் சிறகின்கீழ் முதுகில் ஒரு மோட்டாரைச் சுமந்து ஓடினார். இம்முறை மலையிலிருந்து தப்புவதற்காக! மனிதனுக்கு இருப்பதில் திருப்தி வருவதில்லை என்று தத்துவம் பேச எமக்கு விருப்பமில்லை. ஆல்ப்ஸில் இருந்தவனுக்கு மலை மலிவு. சமவெளியில் இருந்தவனுக்கு மோட்டார் மலிவு. அவ்வளவே.

எமக்கு முதலில் கிடைத்தது மலைதான். படிப்பு முடித்து வடக்கே உத்தியோகத்திலிருந்த காலத்தில், புனேக்கு அருகே காம்ஷெட் என்னுமிடத்துக் குன்றுகளிலே இவ்வித்தையைக் கற்றோம். முதல் மூன்று நாளும் தரையை விட்டு ஒரு முழங்கூட எழும்பவில்லை. காற்றில் சிறகைத் தலைக்குமேல் நிறுத்துவதும், அது ஒருபுறம் சாய்ந்தால் அதன்கீழே ஓடிப்போய் நிற்பதும், இழுத்துப் படுக்கவைப்பதுமே பாடம். நெற்களத்தில் காற்றடிக்கும் நேரத்தில் படுதாவைப் பிடித்துப் பழகியவர்களுக்கு அவ்வேலை எளிதில் விளங்கும். பின்னர் இமாசலப் பிரதேசத்துப் பில்லிங் என்னும் மலைமேட்டிற்குப் போனோம். எழும்புமிடம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,400 மீட்டர். இறங்குமிடமாகிய பீர் கிராமம் சுமார் ஆயிரம் மீட்டர் தாழ்வில். 2015ஆம் ஆண்டு பாராகிளைடிங் உலகக் கோப்பைப் பந்தயம் அங்கே நடைபெற்றது.

மலைப் பறப்பின் இன்பத்தில் பெரும்பகுதி காத்திருத்தலே என்றால் வாசகர் நகைக்கலாம். காலை எட்டு மணிக்கே மேட்டிற்கு வந்துவிடுவார்கள். சிறகை விரித்துவைத்துக்கொண்டு புல்லின்மேல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் உலர்ந்த புல்லைக் கிள்ளிக் காற்றில் விடுவான். அது பின்னோக்கிப் பறந்தால் மலையை நோக்கிக் காற்று ஏறிவருகிறது என்று பொருள். முன்னோக்கிப் போனால் அன்று மூட்டை கட்டவேண்டியதுதான். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் பாறைகளும் கற்கூரைகளும் சூடேறி, அவற்றின்மேலுள்ள காற்று இலேசாகி, கண்ணுக்குத் தெரியாத தூண்களாய் மேலெழத் தொடங்கும். பருந்துகள் அதை முதலில் அறியும். இறகை அசைக்காமல் ஒரு பருந்து வட்டமிட்டு உயரும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஓடிக் கிளம்பி, அவ்விடம் சென்று அதனுடன் தானும் வட்டமிட்டால், ஒரு துளி பெட்ரோலின்றி ஐந்நூறு அறுநூறு மீட்டர் ஏறிவிடலாம். ஏற்ற இறக்கங்காட்டும் சிறு கருவியொன்று மார்பில் கீச்கீச்சென்று கூவும். அதைத் தவிர வேறு ஒலியில்லை. கீழே ஒரு கன்று கத்துவது கேட்கும். யாரோ விறகு வெட்டுவது, கோடரி விழுந்து ஒரு கணம் பொறுத்துக் கேட்கும். அந்த நிசப்தத்தை ஒரு முறை சுவைத்தவன் வேறெதையும் பறப்பென்று ஒப்பமாட்டான் என்று அங்கிருந்தோர் சொல்வார்கள். யாமும் அப்பொழுது அவ்வாறே எண்ணினோம்.

எம் தந்தையாருக்குப் பக்கவாதம் கண்டபொழுது உத்தியோகத்தை விட்டு ஊர் வந்து சேர்ந்தோம். எம் ஊர் சேந்தமங்கலத்திற்கும் கொல்லிமலை அடிவாரத்திற்கும் இடையே உள்ளது. நான்கு ஏக்கர் குச்சிக்கிழங்குக் காடு, இரண்டு ஏக்கர் தோட்டம். காடு என்பது எம் பக்கத்தில் புன்செய்க்குப் பெயர். வெளியூர் வாசகர் வனமென்று மயங்கவேண்டாம். தந்தையாருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிவிட்டது. காலையில் எழுப்பி உட்காரவைத்து, முகங் கழுவி, கஞ்சி கொடுத்து, வெயிலுக்கு முன் வாசல் கட்டிலில் சாய்த்துவைப்பது எம் வேலை. அன்னையாருக்கு அவரைத் தூக்க வலுவில்லை. ஒரு நாளுக்குமேல் ஊரைவிட்டு நீங்குவது இயலாததாயிற்று. சிறகு மூட்டை பரணில் ஏறிற்று. மூன்றாண்டு அங்கேயே கிடந்தது. எலி கடிக்காதபடி மாதம் ஒரு முறை இறக்கி விரித்துப் பார்த்து மீண்டும் சுருட்டுவோம். அதைப் பார்த்து அன்னையார், “யாருக்கு இந்தப் பந்தல் துணி?” என்பார்கள்.

கண்முன்னே கொல்லிமலை ஆயிரம் மீட்டருக்குமேல் நிற்கையில் அதிலிருந்து பறக்கலாகாதா என்று மாணவர் கேட்டனர். கணக்கின்படி பறக்கலாம். விளிம்பிலிருந்து கிளம்பினால் காற்றசையாத வேளையில் எட்டு ஒன்பது கிலோமீட்டர் சென்று, ஏறத்தாழ கால் மணி நேரத்தில் எம் ஊர்ப்பக்கமே இறங்கலாம். ஆனால் கிளம்புவதற்கு மரமற்ற சரிவு வேண்டும்; ஓடுவதற்கு முப்பது நாற்பது அடி புல்வெளி வேண்டும்; அச்சரிவு வீசும் காற்றுக்கு முகங் கொடுத்திருக்கவேண்டும். வல்வில் ஓரி ஆண்ட அம்மலையின் மேற்கு முகம் முழுதும் செங்குத்தான காப்புக்காடு. அங்கே மரம் வெட்டி மேடு அமைக்க ஒருவரும் அனுமதியார், அனுமதிப்பதும் முறையன்று. மேற்குக் காற்று வீசும் ஆனி ஆடி மாதங்களிலோ, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று துணிச்சிறகுக்குத் தாங்காத வேகத்தில் வந்து மலைமுகத்தில் மோதும். உச்சியில் மேகம் கவிந்திருக்கும். கிழக்கிலிருந்து காற்று வரும் மாதங்களில் எம் பக்கம் மலையின் முதுகுப்புறமாகிவிடும். ஆற்று வெள்ளம் பாறைக்குப் பின்னால் சுழிப்பதுபோலக் காற்றும் மலைக்குப் பின்னால் சுழிக்கும். அச்சுழியில் சிறகு மடங்கும். சேர்வராயனிலும் காடும் காப்பித் தோட்டமும். நயினாமலையில் பாறையும் படியும். ஏற்காட்டுச் சாலையின் இருபது வளைவையும் கொல்லிமலைச் சாலையின் எழுபது வளைவையும் ஏறிப் பார்த்து, ஒவ்வோரிடத்திலும் புல்லைக் கிள்ளி விட்டுப் பார்த்தோம். தமிழ்நாட்டில் இவ்விளையாட்டுக்குப் பெயர் பெற்ற மலை ஏலகிரி. அது எமக்குப் போய்வர ஒரு முழுநாளாகும். காற்று நன்றாயில்லையெனில் அந்த நாளும் வீண். மேலும், எங்கிருந்து கிளம்பினும் இறங்குவது தரையில்தானே? எம் சமவெளியின் தரையில் தென்னையும் பாக்கும் கரும்பும் போக, மேட்டூரிலிருந்து புறப்பட்ட மின்கம்பிகள் வரிசை வரிசையாகக் குறுக்கே ஓடுகின்றன.

இந்நிலையில் திருச்செங்கோட்டிலுள்ள எம் நண்பரொருவர் ஒரு நாள் மோட்டாரைக் கொண்டுவந்து திண்ணையில் இறக்கினார். அவர் ரிக் லாரித் தொழிலில் இருப்பவர். எம் பகுதியின் குணம் அது. திருச்செங்கோட்டில் கட்டிய ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி இந்தியாவில் போகாத மாநிலம் இல்லை. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளின் சுத்தியல் ஓசை ஓய்வதில்லை. தண்ணீர் இல்லையா, இயந்திரம் கொண்டு துளை. ஆறு வறண்டதா, லாரி வாங்கி ஊர்விட்டு ஊர் ஓட்டு. இங்கே பிறந்தவன் மலை இடங்கொடுக்கவில்லை என்று கேட்டால் மோட்டாரைத் தேடாமல் வேறென்ன செய்வான்?

அம்மோட்டார் இரட்டை வீச்சுடைய சிறிய பெட்ரோல் இயந்திரம். இருபது, இருபத்தைந்து குதிரைத்திறன். ரைட் சகோதரர் விமானத்திலிருந்தது ஏறத்தாழ 12 குதிரைத்திறனே என்பதை இங்கே நினைவூட்டவேண்டும். அதன் பின்புறம் நாலடிக்குக் குறையாத விசிறி. விசிறியைச் சுற்றிக் கம்பிக்கூடு. பெட்ரோலோடு சேர்ந்து முப்பது கிலோ அளவில் முதுகிலே சுமை. கையில் ஒரு பிடி. அழுத்தினால் விசிறி வேகங்கொள்ளும். மணிக்கு மூன்று நான்கு லிட்டர் குடிக்கும். மணிக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குமேல் போகாது. சேந்தமங்கலம் சாலையில் மோட்டார் சைக்கிளில் போகும் பையன்கள் எம்மை எளிதில் முந்துவார்கள். பழைய சிறகு அந்தச் சுமைக்குப் போதாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டதால் அதற்கென வேறு சிறகு வாங்க நேர்ந்தது. முறையாகப் பயின்றவரிடம் மீண்டும் முதலிலிருந்து கற்றோம். மலையில் கற்றவனுக்கு மோட்டார் எளிது என்று எண்ணுவோருக்கு ஒன்று கூறுவோம்: சிறகைக் கையாள்வது எளிதாயிருக்கும், இயந்திரத்தின் முறுக்கு உடம்பை ஒருபுறமாகத் திருப்புவதும், ஓடுகையில் முதுகுச் சுமை முழங்காலை மடக்குவதும் புதிய பாடங்கள். சுழலும் விசிறிக்குள் கையை விட்டுக்கொள்வதே இவ்வித்தையில் அடிக்கடி நேரும் கொடிய காயம். ஏரி, கிணற்றின்மேல் தாழப் பறப்பதும் கூடாது. நீரில் விழுந்தால் மோட்டாரின் கனமே ஆளை அமிழ்த்திவிடும்.

முதன்முதலாக எம் காட்டிலிருந்தே எழும்பியது ஒரு தை மாதத்துக் காலை. அறுவடையான நிலக்கடலைப் புழுதியில் பதினைந்து அடி வைத்தோம். பதினாறாவது அடிக்குத் தரை இல்லை. ஐந்து நிமிடத்தில் எம் வீட்டுக் கூரை ஒரு தீப்பெட்டியாயிற்று. அன்று கண்டதைப் பில்லிங்கில் எத்தனை முறை பறந்தும் காணவில்லை. அங்கே கண்டது உலகப் புகழ் பெற்ற காட்சி. பனிமலை, தேவதாரு, தேயிலைத் தோட்டம். இங்கே கண்டது எம் அப்பாறு வெட்டிய கிணறு. அது எத்துணை வட்டமானது என்பதை அதுவரை யாம் அறியோம். ஓடையின் பழைய தடம், இப்பொழுது யாரும் ஓடையென்று சொல்லாத இடத்தில், பயிரின் நிற வேறுபாட்டால் பச்சைப் பாம்புபோல வளைந்து கிடந்தது. ஜவ்வரிசி ஆலைகளின் களங்கள் வேட்டி உலர்த்தியதுபோல வெளுத்திருந்தன. நீண்ட கோழிப்பண்ணைக் கொட்டகைகள் ரெயில் வண்டிகள்போல வரிசையாக நின்றன. நயினாமலைக்கு அப்பால் நாமக்கல் பாறை. தெளிந்த மூலையிலே தெற்கே காவிரி ஒரு கோடு. கோவில் தேரைக் கிட்ட நின்றே பார்த்தவன் முதன்முதல் கோபுரத்தின்மேலிருந்து பார்த்ததுபோலிருந்தது. எட்டு மணிக்குள் இறங்கி, தந்தையாருக்குக் கஞ்சி கொடுக்கும் வேளைக்கு வீட்டிலிருந்தோம். மாணவர் கேட்டதற்கு எம் விடை இக்கடைசி வாக்கியத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிட்டது.

மலைவாசிகளின் ஆட்சேபங்களைக் கூறாமல் விடுவது நியாயமன்று. புகையும் ஓசையும் முதலாவது, அதற்கு மறுமொழியில்லை. இரண்டாவது, மோட்டார்க்காரன் காற்றைப் படிப்பதில்லை என்பது. இதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மையன்று. மலையில் பறப்பவன் உச்சி வெயிலை உணவாகக் கொள்வான். யாமோ அதற்கு அஞ்சி, பனி விலகிய காலையிலும் வெயில் தணிந்த மாலையிலுமே கிளம்புகிறோம். நடுப்பகலில் எம் செம்புழுதிக் காடுகளிலிருந்து எழும் வெப்பத் தூண்கள் தாழப் பறக்கும் சிறகைப் புரட்டிவிடும். பருந்து வட்டமிடும் இடம் அங்கே அழைப்பு, இங்கே எச்சரிக்கை. படிக்கும் ஏடு ஒன்றே. அவர் நுழைய இடம் தேடுகிறார், யாம் விலக இடம் தேடுகிறோம். இன்னொன்றும் சொல்லலாம். மோட்டாரின்றிப் பாராகிளைடரில் சென்ற மிக நீண்ட தூரங்கள் பல மலையில் நிகழவில்லை. 2021 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் சமவெளியில் ஒருவர் கயிற்றால் இழுக்கப்பட்டு உயர்ந்து, பின் வெப்பக் காற்றை மட்டும் நம்பி 600 கிலோமீட்டருக்குமேல் சென்றார். மோட்டாரோடு சென்றவர்களில் ஸ்பெயின் தேசத்து ராமோன் மோரியாஸ் 2007ஆம் ஆண்டில் தம் நாட்டின் தென்கரையிலிருந்து கடல்மேலாகக் கானரித் தீவு வரை 1,100 கிலோமீட்டருக்குமேல் பறந்தார். நம் விமானப்படையினர் 2016ஆம் ஆண்டில் வங்காளத்துக் கலைக்குண்டாவிலிருந்து கிளம்பி இவ்வகை மோட்டார்ச் சிறகுகளிலேயே பாரதத்தைச் சுற்றி வந்தனர். ஆகவே வீரம் மலைக்கே உரியது என்பாரும் சமவெளிக்கே உரியது என்பாரும் தம் ஊர்ப்பற்றையே பேசுகிறார்கள்.

எமக்கு உண்மையான வழக்கு வந்தது மலையிலிருந்தன்று, கோழியிலிருந்து. எம் வீட்டிற்கு வடக்கே இரண்டு காடு தள்ளி, முறையில் எமக்குப் பெரியப்பா ஆகவேண்டியவரின் பண்ணை. முட்டைக்கோழிகள் அறிமுகமில்லாத ஓசையைக் கேட்டால் மிரண்டு, கூண்டுக்குள் ஒன்றன்மேலொன்று மோதிக்கொள்ளும். மிரண்ட கோழியின் முட்டை குறையும். ஒரு மாலை அவர் வந்து திண்ணையில் அமர்ந்து, மோர் அருந்தி, மழையைப் பற்றிப் பேசி, எழுந்து போகும்பொழுது சொன்னார்: “ஏங்கண்ணு, நீ பறக்கறது எனக்கும் சந்தோசந்தான். உன்ற வண்டிச் சத்தம் என்ற கோழிக்குத்தான் ஆகமாட்டேங்குது.” அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அக்காலத்தில் தீவன விலை ஏறி முட்டை விலை இறங்கிப் பண்ணைக்காரர்கள் தவித்துக்கொண்டிருந்தனர். மறுநாள் அவரையும் உடன் வைத்துக்கொண்டு ஊர்ப் படத்தில் பண்ணைகளையெல்லாம் குறித்தோம். ஊரைச் சுற்றிப் பதினான்கு! அவற்றிற்கிடையே தெற்காக ஒரு சந்து மட்டும் அகப்பட்டது. பழைய ஓடைத் தடத்தின்மேலேயே. இன்றும் அதன் வழியாகவே போய் அதன் வழியாகவே வருகிறோம். இதில் ஒரு விநோதம்: கூரைக்குக் கீழுள்ள பண்ணைக் கோழி ஓசைக்கு அஞ்சும், வாசலில் மேயும் நாட்டுக்கோழியோ ஓசையைப் பொருட்படுத்தாது, சிறகின் நிழல் புழுதியில் ஓடிவந்தால் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வேலிக்கடியில் பாயும். நிழலை நிறுத்த மோட்டார்க்காரனாலும் ஆகாது, மலைக்காரனாலும் ஆகாது.

சட்டமும் உண்டு. 2022 ஜூன் மாதத்தில் மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசிய வான்விளையாட்டுக் கொள்கை பாராகிளைடிங், பாராமோட்டார் இரண்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சேலத்திற்கு அடுத்த கமலாபுரம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில் பிரயாண விமானங்கள் மீண்டும் தொடங்கிவிட்டமையால், அப்பக்கம் தலை வைத்தும் படுக்கக்கூடாது. கற்க விரும்பும் மாணவர் படம் பார்த்துத் தாமே மோட்டார் வாங்கிக் கிளம்பவேண்டாம். முதலில் ஒரு குன்றின் அடியிலே பத்து நாள் சிறகைக் காற்றில் நிறுத்தப் பழகட்டும். விலை விஷயத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை: மோட்டாரும் சிறகும் சேர்ந்து சில இலட்சம் ரூபாய் ஆகும். நண்பரும் யாமுமாகப் பங்கிட்டும், எம் பங்குக்கு ஒரு கிழங்கு அறுவடையின் வரவு முழுதும் போயிற்று.

நிசப்தத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது பாக்கி. மோட்டார் பொருத்தியவனுக்கும் அது முற்றும் மறுக்கப்பட்டதன்று. அறுநூறு மீட்டர் ஏறியபின் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நிறுத்திவிட்டால், விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்துவிடும். உடனே கயிறுகளில் காற்று இழையும் ஓசை. கீழே ஆட்டு மணி. ஐந்து நிமிடம் பில்லிங் முழுதும் திரும்பி வந்துவிடும். எட்டும் தூரத்தில் இறங்குவதற்கு வெறுங்காடு ஒன்று இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். பறந்த முதல் வாரங்களில் இதை எம் வீட்டுக்கு நேர் மேலேயே செய்துவந்தோம். வாசல் கட்டிலில் தந்தையார் சாய்ந்திருப்பது புள்ளியாய்த் தெரியும். அவர் எம்மைக் காண இயலாது. கழுத்து மேலே திரும்பாது. அவருக்கு எம் பறப்பு முழுதும் காதினால்தான்.

ஒரு நாள் இறங்கி வீடு வந்ததும் அன்னையார், “சத்தம் நின்றவுடன் அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டேயிருக்கிறார், ஒவ்வொரு நாளும், மறுபடி கேட்டால்தான் நிறுத்துகிறார்,” என்றார்கள். தந்தையாரைப் பார்த்தோம். அவர் ஏதோ கூற முயன்று, இயலாமல், உதட்டைக் குவித்து மோட்டாரைப்போல ஓசை செய்து காட்டினார். பிறகு விரலை உயர்த்தி மேலே காட்டினார். எமக்கு இரைச்சலாயிருந்தது அவருக்கு மகன் இருக்குமிடம்.

அதுமுதல் ஊருக்குமேல் இயந்திரத்தை நிறுத்துவதில்லை. கிளம்பும் முன் கட்டிலருகே குனிந்து எத்தனை நேரம் என்று விரலால் காட்டிவிட்டுப் போகிறோம். ஓடைத் தடத்தின் வழியே மேற்கே திரும்பி, நயினாமலைக்கு அப்பால் வெகுதூரம் விலகி, ஊருக்கு ஓசை எட்டாத இடத்திலே பொத்தானை அழுத்துகிறோம். எட்டாத ஓசை நின்றாலும் நிற்காவிட்டாலும் ஒன்றுதானே. அங்கே ஐந்து நிமிடம் மலைப் பறப்பு. இருநூற்றைம்பது மீட்டருக்கு இறங்கியதும் மீண்டும் முடுக்கி, கொல்லிமலையை நேரே வைத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் வருகிறோம். பண்ணைச் சந்திற்குள் நுழையுமுன்பே அவருக்குக் கேட்டுவிடுகிறதாம். அன்னையார் கஞ்சியை அடுப்பில் ஏற்றுவது அப்பொழுதுதான்.